ஹ்யூகோ வீவிங்: ஏஜென்ட் ஸ்மித்தைத் தாண்டி எங்கிருந்து தொடங்கலாம்? (மேடை, டிவி, சினிமா)

நள்ளிரவுக்காட்சி:

வார இறுதியில் தம்பியோடு உட்கார்ந்து மேட்ரிக்ஸ் முதல் பாகத்தைத் திரும்பப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. இந்தத் தடவை என்னை உலுக்கியது துப்பாக்கிச் சண்டை இல்லை. மார்ஃபியஸை நாற்காலியில் கட்டிப்போட்டு ஸ்மித் பேசுகிற காட்சி. மற்ற ஏஜென்டுகளை வெளியே அனுப்புகிறான், காதில் இருக்கிற கருவியைக் கழற்றுகிறான், கண்ணாடியைக் கழற்றுகிறான். மார்ஃபியஸின் தலையில் வழிகிற வேர்வையை விரலால் தொட்டு, இந்த உலகத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை, இங்கிருந்து வெளியே போக வேண்டும் என்கிறான். ஒரு கம்ப்யூட்டர் நிரல் அருவருப்பில் நடுங்குகிறது. அந்த நேரத்தில் ஸ்மித் மேல் எனக்குப் பரிதாபமே வந்துவிட்டது.

நடித்தவர் ஹ்யூகோ வீவிங். எனக்குத் தெரிந்தது மேட்ரிக்ஸ், லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் எல்ராண்ட், முதல் கேப்டன் அமெரிக்காவில் ரெட் ஸ்கல், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய படங்களில் நடித்தவர் அப்புறம் எங்கே போனார்? ஆஸ்திரேலியாவில் பெரிய மேடை நடிகர் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது?

கடைசிவரிசை:

நல்ல இழை. "அப்புறம் எங்கே போனார்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் எங்கேயும் போகவில்லை, தன் ஊரிலேயே இருந்தார். சினிமாதான் நடுநடுவே அவரைத் தேடி வந்தது. மேட்ரிக்ஸ் எடுத்ததே சிட்னியில். சிவப்பு உடைப் பெண் நடந்து வருகிற அந்த நீரூற்று காட்சிகூட மார்ட்டின் பிளேஸ் பக்கம் எடுத்ததுதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-ல் நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் பிறந்தவர். அப்பா அம்மா ஆங்கிலேயர்கள். அப்பாவின் வேலை நிலநடுக்க ஆய்வு, அதனால் குடும்பம் நாடு நாடாக மாறிக்கொண்டே இருந்தது. 1976-ல் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார்கள். சிட்னியில் நிடா என்று எல்லோரும் கூப்பிடும் தேசிய நாடகக் கல்லூரியில் படித்து 1981-ல் வெளியே வந்தார். அதிலிருந்து இன்றுவரை மேடை அவருக்கு வீடு மாதிரி.

தொடங்க வேண்டுமென்றால் 1991-ல் வந்த ப்ரூஃப். ஜோசலின் மூர்ஹவுஸ் இயக்கியது. வீவிங் அதில் பார்வையற்றவர், ஆனால் புகைப்படம் எடுப்பவர். ஏன் எடுக்கிறார் என்பதில்தான் படமே இருக்கிறது. சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று அம்மா தினமும் சொல்லுவாள். அவள் சொன்னது உண்மையா, தன் குறையை வைத்து ஏமாற்றினாளா என்ற சந்தேகம் அவனை விடவே இல்லை. அதனால் உலகத்தைப் படம் பிடிக்கிறான். பிறகு ஒருவரைக் கூட்டிவந்து படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதைப் பிரெயிலில் குறித்து ஒட்டி வைக்கிறான். அவன் நம்பிச் சொல்லச் சொல்கிற அந்த ஆள் ரஸ்ஸல் க்ரோ, பெரிய ஆளாவதற்கு முன்பு.

வீட்டு வேலைக்கு வருகிற செலியா அவன் நடக்கிற வழியில் வேண்டுமென்றே சாமான்களை நகர்த்தி வைப்பாள். அவன் இடித்துக்கொள்வான். அப்போது வீவிங்கின் முகத்தைக் கவனியுங்கள். கோபம் வருவதற்கு ஒரு நொடி முன்பு அவமானம் வரும். கண்ணை வைத்து நடிக்க வழியில்லாத பாத்திரம், எல்லாவற்றையும் வாயும் தாடையும் குரலும் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகர் விருது முதன்முதலில் இதற்குத்தான் கிடைத்தது.

சேப்பாக்கம்கேலரி:

அதற்கும் முன்னால் போக வேண்டும் நண்பரே. 1984-ல் ஆஸ்திரேலிய டிவியில் பாடிலைன் என்று ஒரு குறுந்தொடர் வந்தது. அதில் டக்ளஸ் ஜார்டினாக நடித்தது ஹ்யூகோ வீவிங்! வயது அப்போது 24தான். பிராட்மனாக கேரி ஸ்வீட்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு: 1932-33 இங்கிலாந்து அணியின் ஆஸ்திரேலியப் பயணம். ஆஸ்திரேலியாவின் ரன் குவிக்கும் பேட்ஸ்மேன் பிராட்மனை எப்படி அவுட் ஆக்குவது என்பதுதான் இங்கிலாந்துக் கேப்டன் ஜார்டினின் கவலை. லெக் சைடில் ஆட்களைக் குவித்து, ஹரால்ட் லார்வுட்டை உடம்பைப் பார்த்து வீசச் சொன்னார். ஹெல்மெட் இல்லாத காலம். அடிலெய்டு டெஸ்டில் ஆஸ்திரேலியக் கேப்டன் உட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி, ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையில் எலும்பு முறிவு. இரண்டு நாட்டு அரசாங்கமும் தலையிடுகிற அளவுக்குச் சண்டை. இவ்வளவுக்கும் பிராட்மன் அந்தத் தொடரில் எடுத்த சராசரி 56.57. மற்றவர்களுக்கு அது கனவு, அவருக்கு அது தோல்வி.

இந்த ஜார்டின் பிறந்தது பம்பாயில். அடுத்த வருடமே இங்கிலாந்து அணியை இந்தியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் மேட்ச்சில் டாஸ் போட நின்ற இரண்டு பேரில் ஒருவர் ஜார்டின், இன்னொருவர் சி.கே. நாயுடு. நான் டிக்கெட் எடுத்துப் போய் உட்காருகிற மைதானத்தில் அந்த மனிதர் நின்றிருக்கிறார் என்பதால் எனக்கு ஜார்டின் மேல் தனி ஆர்வம்.

தொடரில் சரித்திரப் பிழைகள் உண்டு, கதைக்காக நிறைய வளைத்திருக்கிறார்கள். ஆனால் வீவிங் அந்தப் பல வண்ணத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கூட்டம் கத்துவதைக் காதிலேயே வாங்காதவர் மாதிரி நிற்பார் பாருங்கள். ஏஜென்ட் ஸ்மித் அங்கேயே பிறந்துவிட்டான். அதே நிமிர்ந்த முதுகு, அதே அவசரமில்லாத பேச்சு.

நள்ளிரவுக்காட்சி:

அண்ணா, ஜார்டினும் ஸ்மித்தும் ஒரே ஆளா! இது எனக்குத் தெரியவே தெரியாது. லார்வுட் அப்போது உயிரோடு இருந்தாரா?

சேப்பாக்கம்கேலரி:

இருந்தார். அதுவும் ஆஸ்திரேலியாவிலேயே. 1950-ல் குடும்பத்தோடு சிட்னிக்குக் குடிபெயர்ந்து, 1995-ல் இறக்கும்வரை அங்கேதான். எந்த ஊர் அவரை வெறுத்ததோ அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

வென்ட்வொர்த்வில்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிறேன். இவரை மேடையில் மூன்று தரம் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் பார்த்தது 2013-ல், சிட்னி தியேட்டர் கம்பெனியின் கோடோ. இரண்டு நாடோடிகள் ஒரு மரத்தடியில் வராத ஒருவருக்காகக் காத்திருக்கிற அந்த நாடகம். விளாடிமிராக வீவிங், எஸ்ட்ரகனாக ரிச்சர்ட் ராக்ஸ்பர்க். ஹங்கேரியில் இருந்து தமாஷ் ஆஷர் வந்து இயக்குவதாக இருந்தது, அடிபட்டதால் அவரால் வர முடியவில்லை, ஆண்ட்ரூ அப்டன் பொறுப்பெடுத்தார். பிறகு 2015-ல் இதே நாடகம் லண்டன் பார்பிக்கனுக்கும் போனது. நான் கவனித்தது ஒன்றைச் சொல்கிறேன். ராக்ஸ்பர்க் கதைக்கும்போது வீவிங் சும்மா நிற்பார். ஆனால் அந்தச் சும்மா நிற்பதில் ஒரு முழு நட்பு தெரியும். சலித்துப்போன, விட்டுப் போக முடியாத நட்பு. ஐம்பது வருடம் கூட இருந்த ஒருவரின் கதையை ஆயிரமாவது தரம் கேட்கிற முகம். எங்கள் ஊரில் பின்னேரம் வாசிகசாலைத் திண்ணையில் இருந்த இரண்டு பெரியவர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

இரண்டாவது 2014, மக்பெத். இதை என்னால் மறக்க ஏலாது. வோல்ஷ் பே கரையில் இருக்கிற பெரிய அரங்கம். வழமையான இடத்தால் எங்களை விடவில்லை. மேடைக்குக் கொண்டுபோய், மேடையிலேயே போட்ட இருக்கைகளில் இருத்தினார்கள். எங்களுக்கு முன்னால் நாங்கள் இருந்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான இருக்கைகள், காலியாக, வரிசை வரிசையாக, மாடி வரைக்கும். நாடகம் அதற்குள்ளே நடந்தது. கிப் வில்லியம்ஸின் இயக்கம். மக்பெத் அரசனாகிறான், ஆட்களை இழக்கிறான், கடைசியில் அந்தக் காலி இருக்கைகளுக்கு நடுவே ஒற்றை மனிதனாக நிற்கிறான். மனைவி செத்த செய்தி வந்தபிறகு "நாளை, நாளை, நாளை" என்று வரும் பேச்சு இருக்கிறதல்லவா, அதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவ்வளவு பெரிய வெறுமைக்குள் அந்தக் குரல் தேயாமல் எங்களிடம் வந்தது. வெளியே வந்து தண்ணீர்க் கரையில் நானும் என் மனுசியும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் நின்றோம்.

மூன்றாவது 2019-ல் பார்த்தது, பூனைத் தலைப்புள்ள அந்த அமெரிக்க நாடகத்தில் (கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்) பிக் டாடி என்ற அப்பா வேடம். அது பற்றிப் பிறகு எழுதுகிறேன், பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும்.

மதுரைமல்லி:

வென்ட்வொர்த்வில் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு அந்த அரங்கத்தில் நானும் இருந்த மாதிரி ஒரு உணர்வு. இன்னும் எழுதுங்கள்.

இரும்புக்கதவு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடை நடிப்பு உயர்ந்ததாகவே இருக்கட்டும், அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரு சீசன் ஓடி முடிந்ததும் காற்றோடு போய்விடுகிறது. இவ்வளவு திறமை உள்ளவர் 2000-களில் ஹாலிவுட்டில் தங்கியிருந்தால் இன்று நமக்கு இருபது நல்ல படங்கள் கையில் இருந்திருக்கும். அவரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸில் மெகாட்ரானுக்குக் குரல் கொடுத்துவிட்டு, அது தனக்கு ஒன்றும் அர்த்தமில்லாத வேலை என்று பேட்டி கொடுத்தார். ரெட் ஸ்கல்லாகவும் திரும்பி வரவில்லை. 2018-ல் அந்தப் பாத்திரத்தை ராஸ் மார்க்வாண்ட் என்பவர் செய்தார். ரசிகனாக எனக்கு அது இழப்பு என்றுதான் தோன்றுகிறது.

கடைசிவரிசை:

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் இழந்ததாகச் சொல்லும் நல்ல படங்கள் இருக்கின்றன. அவை ஹாலிவுட்டில் எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முடிந்து அவர் நடித்தவற்றில் ஒன்று லிட்டில் ஃபிஷ், 2005. ஹெராயினில் சிக்கிய முன்னாள் ரக்பி லீக் ஆட்டக்காரன் லயனல். கேட் பிளாஞ்செட்டும் சாம் நீலும் உண்டு. மேட்ரிக்ஸில் கோட்டும் டையுமாகச் சுருக்கமில்லாமல் நின்ற அதே உடம்பு இதில் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருக்கும். அதற்கும் சிறந்த நடிகர் விருது. நடுவே 1998-ல் தி இன்டர்வியூ. விடிகாலையில் ஒருவனை வீட்டுக் கதவை உடைத்து இழுத்துப் போகிறது போலீஸ். ஒரு விசாரணை அறை, ஒரு மேஜை. முதலில் பசிக்கிறது என்று கெஞ்சுகிறவன் போகப்போக அந்த அறையையே தன் கைக்குள் கொண்டுவருகிறான். குற்றவாளியா அப்பாவியா என்று படம் முடிந்த பிறகும் நீங்கள் உங்களோடு வாதாடிக்கொண்டிருப்பீர்கள். ஆக அந்த விருது மூன்று முறை, மூன்றுமே பெரிய உலக வசூல் இல்லாத உள்ளூர்ப் படங்களுக்கு.

வென்ட்வொர்த்வில்வாசி:

லிட்டில் ஃபிஷ் கப்ரமட்டா பக்கத்துக் கதை. எங்கள் வீட்டில் இருந்து தூரமில்லை, மீன் வாங்கப் போகிற இடம். வியட்நாம் சனம் நிறைய. சிட்னி என்றால் ஓப்ரா ஹவுசும் பாலமும்தான் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெக்கை, அந்த ரயில் நிலையம், அந்தக் கடைகள். இதுதான் நாங்கள் இருக்கிற சிட்னி.

முகப்பூச்சு:

நான் இருபது வருடமாக நாடகக் குழு ஒன்றில் ஒப்பனை செய்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

இந்த மனிதரின் பட வரிசையைப் பாருங்கள். ஸ்மித்துக்குக் கறுப்புக் கண்ணாடி. ரெட் ஸ்கல்லுக்கு முகம் முழுக்க ரப்பர் பூச்சு. மெகாட்ரான் வெறும் குரல், பேப் படத்தில் நாய் ரெக்ஸும் வெறும் குரல். பிரிசில்லாவில் பெண் வேடக் கலைஞன், இமையில் இறகு. கிளவுட் அட்லஸில் ஆறு வேடம், அதில் ஒன்று பெண் நர்ஸ். வி ஃபார் வெண்டெட்டாவில் ஆரம்பம் முதல் கடைசி வரை முகமூடி. சிரிக்கிற முகமூடி, அதில் ஒரு தசையும் அசையாது.

அந்த வி-யை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜேம்ஸ் ப்யூர்ஃபாய் நடித்து, சில வாரத்தில் விலகியபிறகு வீவிங் உள்ளே வந்தார். முகமூடி போட்ட நடிகருக்கு எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு: முகம் அசையாதபோது கழுத்துதான் முகம். அவர் தலையை ஒரு விரற்கடை சாய்த்தால் முகமூடி வருத்தப்படுகிறது. நேராக நிமிர்த்தினால் அதே முகமூடி மிரட்டுகிறது. நிழலும் ஒளியும் மாறுவதால் வருகிற மாயம் இது, கேமராமேனுக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்தச் சொல்லில் சாய்க்க வேண்டும் என்பது நடிகனுக்குத்தான் தெரியும். கூத்தில் கட்டை கட்டி முகம் முழுக்க அரிதாரம் பூசி விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். வீவிங்குக்கும் தெரிந்திருக்கிறது.

இரும்புக்கதவு தம்பி சொன்னதற்கு என் பதில் இதுதான். காற்றோடு போகிறது என்கிற அந்த மேடையில்தான் அவர் இந்தக் கழுத்தையும் குரலையும் பழகினார். சினிமாவில் நீங்கள் பார்த்து வியந்தது அதன் விளைச்சல்.

நள்ளிரவுக்காட்சி:

அக்கா, இதைப் படித்துவிட்டு வி படத்தை உடனே போட்டேன். கண்ணாடி முன் நின்று நான்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஈவி மொட்டைத் தலையோடு மழையில் நின்ற பிறகு வி பேசுகிற இடத்தில் அந்த முகமூடி அழுகிறது, சத்தியமாக அழுகிறது.

இரும்புக்கதவு:

முகப்பூச்சு அக்கா சொன்னது எனக்கு உறைக்கிறது. சரி, மேட்ரிக்ஸ் நான்காம் பாகத்தில் ஏன் அவர் இல்லை? அதற்கும் மேடைதான் காரணமா?

கடைசிவரிசை:

ஆமாம், மேடைதான். லண்டன் நேஷனல் தியேட்டரில் லெஸ்லி மான்வில்லோடு தி விசிட் என்ற நாடகம். டோனி குஷ்னர் தழுவி எழுதியது. மேட்ரிக்ஸுக்கு அவரை அணுகியிருக்கிறார்கள், அவருக்கும் விருப்பம் இருந்திருக்கிறது. தேதிகளை ஒத்துவர வைக்கும் பேச்சு நடந்து, கடைசியில் ஒத்துவராது என்று இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி முடிவெடுத்துவிட்டதாக அவரே 2020 தொடக்கத்தில் சொன்னார். ஸ்மித்தாக ஜோனதன் கிராஃப் வந்தார்.

அந்த நாடகத்தின் கதிதான் எனக்கு வலிக்கிறது. 2020 பிப்ரவரியில் தொடங்கியது, மார்ச்சில் கொரோனா வந்து அரங்கங்களை மூடினார்கள். மேட்ரிக்ஸும் போயிற்று, நாடகமும் பாதியில் நின்றது.

வென்ட்வொர்த்வில்வாசி:

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அதே 2020 செப்டம்பரில், சிட்னியில் நாடகக்காரர் எல்லாரும் வேலையில்லாமல் இருந்த நேரம், சிட்னி தியேட்டர் கம்பெனி திரும்பத் திறந்தது வீவிங்கோடுதான். வொன்னங்கட்டா என்ற நாடகம். அவரும் வேய்ன் பிளேரும், இரண்டே பேர். விக்டோரியா மலைநாட்டில் நூறு வருடத்துக்கு முன் நடந்து இன்றுவரை துப்புத் துலங்காத இரட்டைக் கொலை பற்றியது. இடைவெளி விட்டுத்தான் சனத்தை இருக்க விட்டார்கள். எனக்கு ரிக்கெட் கிடைக்கவில்லை.

பிக் டாடி பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பமேலா ரேப் அவருடைய மனைவியாக. புற்றுநோய் இல்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிற குடும்பத்துக்குள், தான் பிழைத்துவிட்டேன் என்று நம்பிக் கும்மாளமிடுகிற தோட்ட முதலாளி. மகனோடு அவர் தனியாகக் கதைக்கிற நீண்ட காட்சியில் எனக்கு என் அப்பா ஞாபகம். அன்பைத் திட்டாகத்தான் சொல்லத் தெரியும் அந்தத் தலைமுறைக்கு. வீவிங் அந்த மனிதனை நல்லவனாக்கப் பார்க்கவில்லை. அவன் எவ்வளவு கொடூரமாகக் கதைத்தாலும், மகனுக்குப் பக்கத்தில் இருந்து எழும்பிப் போக மனமில்லாமல் இருப்பதை மட்டும் காட்டினார்.

மதுரைமல்லி:

அப்பாக்கள் என்றதும் சொல்கிறேன். ஹாக்ஸா ரிட்ஜில் அவர் நாயகனின் அப்பா. முதல் உலகப் போரில் நண்பர்களைப் புதைத்துவிட்டு வந்த குடிகாரர். பழைய ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு மகனின் விசாரணை நடக்கிற இடத்துக்குக் கடிதத்தோடு வந்து நிற்பாரே, எனக்குப் போர்க்காட்சிகளைவிட அதுதான் நினைவில் இருக்கிறது.

கடைசிவரிசை:

அதோடு 2018 பேட்ரிக் மெல்ரோஸ் தொடரைப் பாருங்கள், ஐந்தே பாகம். அதிலும் அப்பா, ஆனால் மன்னிக்கவே முடியாத அப்பா. டேவிட் மெல்ரோஸ். மகனைச் சிதைத்தவன். மாடியிலிருந்து மகனின் பெயரைக் கூப்பிடுவார், குரலை உயர்த்தமாட்டார். அந்தச் சிறுவன் நிற்கிற இடத்தில் நமக்கு வயிறு பிசையும். மனம் திடமாக இருக்கும்போது மட்டும் பாருங்கள், குழந்தை வன்கொடுமை பற்றிய கதை.

அது முடிந்து மூச்சுவிட வேண்டுமென்றால் லவ் மீ என்ற ஆஸ்திரேலியத் தொடர். மனைவியை இழந்த வயதானவர் கூச்சத்தோடு மறுபடி காதலில் விழுகிறார். டேவிட் மெல்ரோஸும் இவரும் ஒரே நடிகர் என்று நம்ப உங்களுக்கு நேரம் எடுக்கும். ஸ்லோ ஹார்சஸ் நான்காம் சீசனிலும் இருக்கிறார், கதையைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன்.

சேப்பாக்கம்கேலரி:

நான் ஒன்று படித்தேன். அவருக்குப் பதின்ம வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது, அதனால் கார் ஓட்டுவதில்லை. இவ்வளவு பெரிய நடிகர் தன் ஊரில் தானாகக் கார் எடுத்துப் போகாதவர் என்று தெரிந்ததும் எனக்கு அவர் இன்னும் நெருக்கமாகிவிட்டார். என் வீட்டிலும் அதே நோயோடு ஒருவர் இருக்கிறார், வண்டிச் சாவியைக் கொடுக்க முடியாத அந்த வருத்தம் எனக்குத் தெரியும். அவரிடம் இந்த இழையைக் காட்டினேன். பாடிலைன் பார்க்கலாம் என்கிறார்.

நள்ளிரவுக்காட்சி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ப்ரூஃப் பார்த்தோம். கடைசியில் ரஸ்ஸல் க்ரோ அந்தப் பழைய புகைப்படத்தைப் பார்த்து, தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாரே, அப்போது வீவிங் ஒன்றுமே செய்யவில்லை. கேட்கிறார், அவ்வளவுதான். அம்மா சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரிகிற இடத்தில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்று ராத்திரி தி இன்டர்வியூ.